உலைக்குத் தீனி எங்கிருந்து வரும்?

மைசூர் ரோட்டில் போய் வருகிறவர்களுக்குப் பிடதி என்றதும் தட்டே இட்லிதான் ஞாபகம் வரும். கெங்கேரி தாண்டி வருகிற சின்ன ஊர். ஒரு பக்கம் டொயோட்டா தொழிற்சாலை. இன்னொரு பக்கம், பெங்களூரின் மேற்குப் பகுதிச் சாக்கடையையெல்லாம் வாங்கிக்கொண்டு ஓடும் விருஷபாவதி ஆறும் அது போய் விழும் பைரமங்கலா ஏரியும். இப்போது அந்த ஊரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை ஒன்றும் வந்திருக்கிறது. கர்நாடக மின்கழகமும் பெங்களூரு மாநகராட்சியும் சேர்ந்து கட்டியது. 2020 டிசம்பரில் அன்றைய முதல்வர் எடியூரப்பா அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு சுமார் 260 கோடி ரூபாய். ஒரு நாளைக்கு 600 டன் குப்பை உள்ளே போக வேண்டும், 11.5 மெகாவாட் மின்சாரம் வெளியே வர வேண்டும் என்பது கணக்கு.

இந்த மாதிரி இன்னும் நாலைந்து கட்டச் சொல்லி நாமும் ஒரு மனு கொடுத்தால் என்ன என்று எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. வழக்கமாக லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி என்று அரை மணி நேரத்தில் முடிகிற கூட்டம் அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரை நீண்டது. மூன்றாவது மாடி அங்கிள் பொதுத்துறை நிறுவனத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். "சிங்கப்பூர்ல எரிக்கறான், டென்மார்க்ல எரிக்கறான். நமக்கு மட்டும் என்னம்மா தயக்கம்?" என்று கேட்டார். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண், "புகை எங்கே போகும் அங்கிள்?" என்றாள். "அது பிடதியில போகும், நமக்கென்ன" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அதற்குச் சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

2012-ல் பெங்களூரில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எலஹங்காவுக்கு அந்தப் பக்கம் மாவள்ளிபுரா என்று ஒரு கிராமம். நகரத்தின் குப்பை வருஷக்கணக்காக அங்கே போய் விழுந்தது. குப்பையிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீர் குட்டையில் இறங்கியது, கிணற்றில் இறங்கியது. ஊர்க்காரர்கள் விடாமல் போராடினார்கள். அந்த வருஷம் ஜூலையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடச் சொன்னது. லாரிகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. அப்புறம் நடந்ததுதான் ஊரறிந்த கதை. தெருமுனைக்குத் தெருமுனை கறுப்பு கவர் மூட்டைகள், மழையில் அவை பிய்ந்து ஓடியது, மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். பூங்கா நகரத்தைக் குப்பை நகரம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின.

அதன் பிறகு லாரிகள் கிழக்கே மண்டூருக்குத் திரும்பின. மண்டூரின் கதை இந்த விவாதத்துக்கு ரொம்ப முக்கியம். ஏனென்றால் அங்கேயும் குப்பையிலிருந்து மின்சாரம் எடுப்பதாகச் சொல்லித்தான் வேலையை ஆரம்பித்தார்கள். 8 மெகாவாட் என்றார்கள். ஒரு யூனிட்கூட வரவில்லை. மலை மட்டும் வளர்ந்தது. 2014 ஜூனில் ஊர் மக்கள் லாரிகளை மறித்தார்கள். போலீஸ் காவலோடு லாரிகள் உள்ளே போயின. ஒரு கிராமத்துக்குள் குப்பை லாரி போவதற்குப் போலீஸ் காவல் வேண்டியிருந்தது என்பதை நகரத்தில் இருக்கிற நாம் எத்தனை பேர் யோசித்துப் பார்த்தோம்? கடைசியில் சித்தராமையா அரசு அவகாசம் கேட்டு வாங்கி, டிசம்பர் 1-ம் தேதியோடு மண்டூருக்குக் குப்பை போவது நின்றது. மலை அங்கேயேதான் இருந்தது.

அப்புறம் பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி கல்குவாரிப் பள்ளங்கள். தொட்டபள்ளாபுரா தாலுகா கிராமங்கள். நகரத்துக்குள்ளேயே பதப்படுத்தும் நிலையங்கள் என்று லிங்கதீரனஹள்ளி, சிக்கநாகமங்கலா, கன்னஹள்ளி பக்கம் கட்டினார்கள். எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் 1975-ல் தொடங்கிய பழைய உரக் கழகம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எல்லா இடத்திலும் சுற்றியிருந்தவர்கள் நாற்றம் தாங்காமல் தெருவில் இறங்கினார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. கலந்த குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினால் உர நிலையமும் குப்பைமேடாகத்தான் ஆகும்.

ஆகவே அங்கிளின் கோபம் எனக்குப் புரிகிறது. புதைத்துப் பார்த்தாயிற்று, ஊர் ஊராகக் கொட்டிப் பார்த்தாயிற்று, எரித்துத் தீர்ப்போம் என்று ஒரு மனிதருக்குத் தோன்றுவது இயல்பு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எரிப்பதற்கு முதலில் அது எரிய வேண்டும்.

ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதிப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பெங்களூரின் குப்பை ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல். அதில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு: சோறு, காய்கறித் தோல், வாழையிலை, மாவு புளித்துக் கொட்டியது, டீத்தூள். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க மட்டும் 600 கிலோகலோரிக்கு மேல் செலவாகும். குப்பையில் பாதி தண்ணீராக இருந்தால் உலை தன் சூட்டில் பெரும்பங்கை அந்தத் தண்ணீரை விரட்டவே செலவழிக்கும். மின்சாரத்துக்கு என்ன மிஞ்சும்?

இதை நம் நாடு காசு கொடுத்தே கற்றுக்கொண்டது. டெல்லி திமார்பூரில் 1987-ல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் எரியுலை கட்டினார்கள். நாளுக்கு 300 டன், 3.75 மெகாவாட். அந்த எந்திரம் கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோகலோரி உள்ள குப்பையைக் கேட்டது. டெல்லிக் குப்பையில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. 21 நாள் ஓடியது, அதோடு சரி. டேனிஷ் எந்திரத்தில் பழுது இல்லை. அதற்குப் பழக்கமான குப்பை வேறு, நம் வீட்டுக் குப்பை வேறு.

2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் எழுதப்பட்டன. மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரி அல்லது அதற்கு மேல் உள்ள கழிவை நிலத்தில் புதைக்கக் கூடாது, அதை எரிபொருளாகப் பயன்படுத்த வேண்டும் என்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 'மறுசுழற்சிக்கு ஆகாத' என்பதை யார், எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில் பார்த்துத் தீர்மானிப்பது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. உலைக்கு நல்ல சூடு கொடுப்பவை பிளாஸ்டிக்கும் காகிதமும் அட்டையும். காசுக்குப் போகிறவையும் அவைதான்.

இது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. எங்கள் பகுதி உலர்குப்பை மையத்தை நடத்துகிற அக்கா சொல்லிக் கொடுத்தது. அப்பா காலத்தில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்த குடும்பம். சின்ன வயதில் கோணிப்பையோடு தெருவில் பொறுக்கியவர், இன்றைக்கு நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். கழுத்தில் மாநகராட்சி அடையாள அட்டை தொங்குகிறது. 2011-ல் லோக் அதாலத் சொன்னதற்குப் பிறகு குப்பை பொறுக்குகிறவர்களைப் பதிவு செய்து அட்டை கொடுத்தது பெங்களூரு. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் நகரங்களில் இதுவும் ஒன்று. ஹசிரு தளா போன்ற அமைப்புகள் விடாமல் கேட்டு வாங்கிய அட்டை அது. அதற்கு முன்னால் விடியற்காலையில் கோணிப்பையோடு நடந்தாலே திருடி என்று போலீஸ் பிடிக்கும் என்று அக்கா ஒரு தடவை சொன்னார். சொன்னபோது கையிலிருந்த வேலையை நிறுத்தவே இல்லை.

அவர் பிரிக்கிறதை ஒரு காலைப்பொழுது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தகரக் கூரை, நடுவில் நீள மேஜை. மேலே கொட்டிய மூட்டையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் காதுக்கிட்டே கசக்கிக் காட்டினார்.

"சத்தத்தைக் கேளும்மா. கரகரங்குதா, இது ஹெச்எம். காய்கறிக் கடைக்காரன் குடுக்கறது. இது பாரு, மெத்துனு இருக்கு, சத்தமே வராது. எல்டி. பால் கவர் எல்லாம் இதான். இது சட்டை வாங்கினா சுத்தி வருமே, பளபளனு. பிபி. மூணும் ஒண்ணாப் போட்டா குஜிரிக் கடையில பாதி ரேட்டுகூடக் குடுக்க மாட்டான்."

பாட்டிலில் வெள்ளை தனி, பச்சை தனி. மூடி வேறு, பாட்டில் வேறு. அட்டையில் நனைந்தது ஓரம், காய்ந்தது உள்ளே. நியூஸ் பேப்பர் தனிக்கட்டு. பிளாஸ்டிக் நாயண்டஹள்ளிப் பக்கம் போகும், அங்கே அரைத்துக் குருணையாக்குகிறார்கள். காகிதமும் மற்றதும் மார்க்கெட் பக்கத்து ஜாலி மொஹல்லா வியாபாரிகளுக்கு. என் வீட்டிலிருந்து நான் 'உலர்குப்பை' என்று ஒரே பையில் போடுகிறதை அந்த மேஜையில் இருபது விதமாகப் பிரிக்கிறார்கள். ஒரு என்ஜினியரிங் கல்லூரியில் நாலு வருஷம் படித்துவிட்டு வந்து இதைச் செய்யச் சொன்னால் முடியாது.

கடைசியில் மேஜையில் மிஞ்சினவை: சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை. உள்ளே வெள்ளிப்பூச்சு, வெளியே பிளாஸ்டிக். பிரிக்கவே முடியாத கலவை. இதற்கு யாரும் காசு தருவதில்லை. சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போகிறதாம். அதோடு கிழிந்த துணி, செருப்பு, தெர்மகோல்.

பிடதி உலையைப் பற்றிக் கேட்டேன்.

"எரிக்கணும்னா இந்த சிப்ஸ் கவரை எரிக்கட்டும், வேணாங்கல. பால் கவரையும் அட்டையையும் சேத்து எரிச்சா எனக்கு என்னம்மா மிஞ்சும்? லாரிக்காரன் பிரிச்சுப் பாத்தா ஏத்துவான்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் சங்கக் கூட்டத்தில் பதில் சொல்லக்கூடியவர் யாரும் இருக்கவில்லை. 600 டன் என்று கட்டப்பட்ட உலைக்குத் தினமும் 600 டன் வேண்டும். பத்து நாள் கொடுத்து ஐந்து நாள் விட்டால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் புகை கெடும். ஆகவே ஒவ்வொரு காலையும் எங்கிருந்தாவது எரிகிற சரக்கைக் கொண்டுவந்தாக வேண்டும். மிஞ்சிய சிப்ஸ் கவர் போதாதபோது கை எதன்மேல் போகும்? அக்காவின் மேஜைக்கு வர வேண்டிய அட்டைமேல்தான். நகரம் குப்பையைக் குறைக்கக் குறைக்க, உலைக்குப் பட்டினி. குறைக்கச் சொல்கிற மாநகராட்சிக்கே குப்பை தேவைப்படுகிற நிலை வந்துவிடும்.

பணத்தைப் பேசுவோம். குப்பை மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015-ல் வைத்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல். சூரிய மின்சாரம் அதற்கு இரண்டே வருஷத்தில் ராஜஸ்தானில் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. இவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவார்கள் என்று கேட்டால், 2016-ன் மின்கட்டணக் கொள்கை விநியோக நிறுவனங்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் மின்கட்டணத்தில்தான் அது வந்து சேரும். அதுவும் எவ்வளவு மின்சாரத்துக்கு? 11.5 மெகாவாட் உலை ஒரு நிமிஷம் நிற்காமல் ஓடினாலும் நாளுக்கு 2.76 லட்சம் யூனிட். பெங்களூர் போன்ற நகரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துத் தலைநகர் ஹாரிஸ்பர்க். சின்ன நகரம், 50,000 பேர் அளவில்தான் மக்கள்தொகை. பழைய எரியுலை ஒன்றைச் சீர் செய்கிறோம், லாபம் வரும் என்று கடனுக்கு மேல் கடன் வாங்கினார்கள். கடன் 30 கோடி டாலரை ஒட்டிப் போனது. 2011-ல் நகராட்சி மன்றம் திவால் மனு கொடுத்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாநில அரசு ஓர் அதிகாரியைப் போட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 2013-ல் உலையைப் பக்கத்து மாவட்ட நிறுவனத்துக்கு விற்றார்கள். குப்பை எரிக்கப் போய் ஒரு நகரமே கடனில் மூழ்கியது. கூட்டத்தில் இதைச் சொன்னபோது அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கணக்கு வழக்கைப் பாக்கணும்தான்" என்றார். அவர் நேர்மையான மனிதர்.

சிங்கப்பூர் எரிக்கிறது, உண்மை. 1979-லிருந்து எரிக்கிறது. இடமில்லாத தீவுக்கு வேறு வழி குறைவு. எரித்த சாம்பலைக் கடலில் செமகாவ் என்று ஒரு தீவுத் திட்டு கட்டி 1999-லிருந்து கொட்டுகிறார்கள். அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அவர்களே கவலைப்பட்டு, குப்பையைக் குறைக்கும் திட்டம் போட்டிருக்கிறார்கள். எரித்தாலும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். 600 டன் எரித்தால் நாளுக்கு நூறு டன்னுக்கு மேல். அதில் புகைபோக்கியில் பிடிக்கிற பறக்கும் சாம்பல் நச்சு உள்ளது, சாதாரணமாகப் புதைக்கக் கூடாது. அந்தச் சாம்பலுக்கும் ஒரு மண்டூர் வேண்டும்.

டென்மார்க் கோபன்ஹேகனில் உலைக்கு மேல் பனிச்சறுக்கு மலை கட்டிவைத்திருக்கிறார்கள், படம் எல்லோரும் பார்த்திருப்போம். உலைகள் பெரிதாகிப்போய் வெளிநாட்டுக் குப்பையை இறக்குமதி செய்கிற நாடு அது. 2020-ல் எரிக்கும் திறனை முப்பது சதவீதம் குறைப்பது என்று அவர்களே முடிவெடுத்தார்கள்.

நான் மதிக்கிற உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. தோக்கியோவை ஒட்டிய முசாஷினோ என்ற சின்ன நகரம். எரியுலை எங்கே வரவேண்டும் என்பதில் பெரிய சண்டை. கடைசியில் குடிமக்களையும் உட்கார வைத்துப் பேசி, 1984-ல் உலையை நகராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். 2017-ல் புதிதாகக் கட்டியபோதும் அங்கேதான். மேயர் சன்னலைத் திறந்தால் உலை. அவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். பெங்களூரில் ஹட்சன் சர்க்கிள் மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால் ஓர் உலை கட்டுவோம் என்று யாராவது சொல்லட்டும், அப்புறம் நானும் அந்த மனுவில் கையெழுத்துப் போடுவதைப் பற்றி யோசிக்கிறேன்.

புகையைப் பற்றி அந்தப் பெண் கேட்டாளே, அவளுக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கும் உப்புச் சோறும் சேர்ந்து அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் உண்டாகும். கொழுப்பில் போய் ஒட்டிக்கொண்டு லேசில் உடம்பை விட்டுப் போகாத நஞ்சு. பாலில் வரும், முட்டையில் வரும், தாய்ப்பாலிலும் வரும். 850 டிகிரிக்கு மேல், குறைந்தது இரண்டு விநாடி புகை அந்தச் சூட்டிலேயே இருந்தால் அது அழியும். பிறகு புகையைச் சட்டென்று குளிரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் 200-லிருந்து 450 டிகிரிக்குள் மறுபடி உண்டாகிவிடும். நம் விதிகள் வைத்திருக்கும் வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 0.1 நானோகிராம். கண்டிப்பான வரம்புதான். ஆனால் தூசியையும் கந்தக வாயுவையும் கருவி நிமிஷத்துக்கு நிமிஷம் அளக்கிறது போல டையாக்சினை அளப்பதில்லை. எப்போதாவது மாதிரி எடுத்து, அதற்கென்று உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிற நாளில் உலை ஒழுங்காக ஓடும். மழைக்காலத்தில் நனைந்த குப்பை வந்து சூடு இறங்கிய ராத்திரியில் என்ன வந்தது என்று யாருக்குத் தெரியும்?

டெல்லி ஓக்லாவில் 2012-லிருந்து ஓடும் உலையைச் சுற்றிக் குடியிருப்புகள். சுக்தேவ் விகார் மக்கள் உயர் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் என்று அலைந்தார்கள். 2017-ல் தீர்ப்பாயம் 25 லட்ச ரூபாய் கட்டச் சொல்லிவிட்டு உலையை ஓட விட்டது. கட்டி முடித்த உலையை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. கேட்க வேண்டியதைக் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். நம் தெருமுனையில் ராத்திரி கொளுத்துகிற குப்பைக்குச் சூடும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது. அது எந்த உலையையும்விட மோசம். பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் அதற்கு 5,000 ரூபாய் அபராதம் என்றது, பெரிய அளவில் எரித்தால் 25,000. பெங்களூர்வாசி அல்மித்ரா படேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கின் தொடர்ச்சி அந்தத் தீர்ப்பு. இந்த நாட்டுக்கு முதல் குப்பை விதிகள் 2000-ல் வந்ததே அந்த வழக்கால்தான். ஒரு தனி மனுஷி இருபது வருஷம் விடாமல் நின்றார். உலையில் போடுவதற்கு முன் குப்பையைப் பிரித்தே ஆக வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

பிரிப்பது நடக்காத காரியம் என்று கூட்டத்தில் பலர் சொன்னார்கள். 2012-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் வீட்டிலேயே பிரிக்கச் சொன்னது. 2015 டிசம்பரில் இன்னும் தெளிவாக, இரண்டு தொட்டி ஒரு பை என்றது: பச்சையில் ஈரக்குப்பை, சிவப்பில் நாப்கின், டயப்பர் மாதிரி கழிவு, பையில் உலர்ந்தது. எங்கள் கட்டடத்தில் எண்பது வீட்டில் முக்கால்வாசிப் பேர் செய்கிறார்கள். செய்யாதவர்களும் செய்ய முடியாதவர்கள் அல்ல. பிரித்துக் கொடுத்ததை ஆட்டோ டிப்பரில் ஒன்றாகக் கொட்டுவதைப் பால்கனியிலிருந்து பார்த்து மனசு விட்டுப்போய் நிறுத்தியவர்கள்.

ஈரக்குப்பையை அந்தந்த வட்டாரத்திலேயே உரமாக்கிவிட்டால், எரிவாயு ஆக்கிவிட்டால், மிச்சத்துக்கு நாற்றமே இல்லை. நாற்றம், கறுப்புத் தண்ணீர், ஈ, தீப்பிடிக்கிற மீத்தேன் எல்லாமே ஈரக்குப்பை தருவது. உலை அதைத் தொடவே முடியாது. இந்தூரில் 2022-ல் தொடங்கிய நிலையம் நாளுக்கு 550 டன் ஈரக்குப்பையிலிருந்து வாயு எடுக்கிறது. இந்தூர் மக்கள் பிரித்துக் கொடுத்ததால் அது ஓடுகிறது. அதே காசை நாம் அங்கே போட்டால் என்ன?

என் நிலைப்பாட்டைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். பிடதியில் கட்டியது கட்டியாயிற்று. அங்கே அக்காவின் மேஜையில் மிஞ்சுகிறவை மட்டும் போகட்டும், உலை பாதித் திறனில் ஓடினாலும் பரவாயில்லை. புகை அளவு பிடதிக் கடைத்தெருவில் கன்னடத்தில் பலகை வைத்து எழுதப்படட்டும். இன்னொரு உலைக்கு என் கையெழுத்து கிடையாது. ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசாமல் எந்தக் கிராமத்துக்கும் நம் குப்பையைத் தள்ள நமக்கு உரிமை இல்லை.

மனு அன்றைக்குப் போகவில்லை. அங்கிளும் அந்தப் பெண்ணும் இன்னும் மூன்று பேரும் உலர்குப்பை மையத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவிடம் கேட்டதற்கு, "வரச் சொல்லு, கையுறை நானே தரேன்" என்றார்.

சென்னையில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கொடுங்கையூரில் இதைவிடப் பல மடங்கு பெரிய உலைக்கு மாநகராட்சி திட்டம் போட்டிருக்கிறது. 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். ஏற்கெனவே மணலியின் ஆலைகளையும் எண்ணூரின் அனல்மின் நிலையங்களையும் சுமக்கிற மக்கள் அவர்கள். அண்ணாநகரில் இருந்து இதைப் படித்தால், உங்கள் குப்பைதான் அங்கே போகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். தினமும் எத்தனை டன் கொடுப்பதாக மாநகராட்சி வாக்குக் கொடுக்கிறது, கொடுக்க முடியாமல் போனால் அபராதம் யார் கட்டுவது, சாம்பல் எந்த ஊருக்குப் போகிறது என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள், இங்கேயே முழுசாகப் போடுகிறேன்.